அப்ஸ்டேட் சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு: ஸ்கூல் போர்டு பக்கம் வாருங்கள்

அன்புள்ள அண்ணன்கள், அக்காக்கள், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

நியூயார்க் என்றால் ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் உயரமான கட்டடங்களைத்தான் நினைக்கிறார்கள். நாம் இருக்கும் அப்ஸ்டேட், அதாவது நியூயார்க் நகரத்துக்கு வெளியே வடக்கிலும் மேற்கிலும் விரியும் மாநிலப் பகுதி, வேறு. பால் பண்ணை, சோளக்காடு, எப்போதோ மூடிப்போன ஆலை, ஒரு மருத்துவமனை, கிண்டர்கார்டன் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடக்கும் ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். நம்மில் பல வீடுகள் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணமே அந்த மருத்துவமனைதான். ஜே-1 விசாவில் ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) முடித்த டாக்டர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பி 2 வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது, அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் 3 வருடம் வேலை பார்க்க வேண்டும், மாநிலத்துக்கு வருடம் இத்தனை பேர் என்று கான்ராட் திட்டம் 1994இல் வந்தது (முதலில் 20 பேர், பிறகு 30 ஆனது). அதில் வந்து 3 வருடம் முடிந்ததும் போனவர்கள் உண்டு. வீடு வாங்கி, பிள்ளை பெற்று, இங்கேயே தங்கியவர்களும் நிறைய. இந்தக் கடிதம் முக்கியமாகத் தங்கியவர்களுக்கு.

நான் இப்படி ஓர் ஊரின் ஸ்கூல் போர்டில், அதாவது பள்ளியை நடத்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழுவில், உறுப்பினராக இருக்கிறேன். எந்த ஊர் என்று எழுதவில்லை. போர்டின் சார்பில் பேச தனி உறுப்பினருக்கு அதிகாரம் கிடையாது, எனவே இது முழுக்க என் சொந்தக் கடிதம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்: குடியுரிமை வாங்கியவர்கள் போர்டு தேர்தலில் நில்லுங்கள். நிற்க முடியாதவர்கள் ஓட்டாவது போடுங்கள். ஓட்டு இல்லாதவர்கள் கூட்டத்துக்கு வந்து உட்காருங்கள்.

பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ நாம் கூடும்போது ஒரு பேச்சு வராமல் இருப்பதில்லை. "இந்த ஸ்கூல்ல கால்குலஸ் கிடையாது, ஏ.பி. பிசிக்ஸ் கிடையாது, பையன் எட்டாவது போறதுக்குள்ள சிராக்யூஸ் பக்கமோ ஆல்பனி பக்கமோ வீடு பார்க்கணும்." ஒரு பக்கம் அது நியாயமான கவலைதான், நானும் தகப்பன்தான். ஆனால் அந்தப் பாடம் ஏன் இல்லை, எந்த வருடம் போனது, யார் கை தூக்கி அதை எடுத்தார்கள், அந்த இரவு எத்தனை பெற்றோர் வந்திருந்தார்கள் என்று கேட்டால் நம்மில் ஒருவருக்கும் தெரியாது. பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் பெற்றோர் யாருமே இருந்திருக்க மாட்டார்கள். போர்டு உறுப்பினர்கள், சூப்பரிண்டெண்டென்ட் (பள்ளிகளின் தலைமை நிர்வாகி), பிசினஸ் அதிகாரி, குறிப்பெடுக்கும் கிளார்க், சில சமயம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர். நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

கால்குலஸ் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஒரு வகுப்பில் மொத்தம் முப்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கால்குலஸ் எடுக்கக்கூடியவர்கள் நாலு பேர். கணக்கு வாத்தியார் ஓய்வு பெறுகிறார். புதிதாக ஒருவரைப் போட்டால் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். பள்ளி மாவட்டம் (ஓரிரு ஊர்களின் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) சொத்து வரியாக மொத்தம் 50 லட்சம் டாலர் வசூலிக்கிறது என்றால் (ஓர் உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன்) 2 சதவீதம் ஏற்றினால் கிடைப்பது 1 லட்சம் டாலர். அந்த ஒரு வாத்தியாருக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். டீசல் விலை, ஊழியர்களின் காப்பீட்டுப் பிரீமியம், சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒரு குழந்தை நடு வருடத்தில் ஊருக்குக் குடிவந்தால் அந்தச் செலவு, இதெல்லாம் அதற்கு மேல். அந்தக் குழந்தைக்கான செலவு சட்டப்படி செய்தே ஆக வேண்டியது, செய்யவும் வேண்டும். அப்போது வெட்டக்கூடியது என்று பட்டியலில் மிஞ்சுவது நாலு பேர் படிக்கும் பாடம், இசை, இரண்டாவது வெளிநாட்டு மொழி, நூலகர். "நாலு பிள்ளைகள்தானே" என்று ஒருவர் சொல்வார். அந்த நாலு பேரின் அப்பா அம்மா அங்கே இருந்தால் அந்த வாக்கியத்தை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

அங்கே வேறு வழிகளும் உண்டு, அதுதான் முக்கியம். 1948 முதல் இந்த மாநிலத்தில் போசீஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. பக்கத்து மாவட்டங்கள் பல சேர்ந்து, தனித்தனியாக நடத்தக் கட்டுப்படியாகாததைக் கூட்டாக நடத்துவது. அதற்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை மாநிலம் அடுத்த வருடம் திருப்பித் தருகிறது. அதன் வழியே காணொளி வகுப்பாகக் கால்குலஸைப் பக்கத்து மாவட்டத்திலிருந்து எடுக்கலாம், கம்யூனிட்டி காலேஜோடு சேர்ந்து கிரெடிட் பாடமாக நடத்தலாம், வாத்தியாரை இரண்டு பள்ளிகள் பங்கு போட்டுக்கொள்ளலாம். இதை யாராவது கேட்க வேண்டும், ஒரு முறை கேட்டுவிட்டுப் போகாமல் ஒவ்வொரு மாதமும் கேட்க வேண்டும். சூப்பரிண்டெண்டென்டுகள் கெட்டவர்கள் அல்ல, அவர்கள் தலையில் நூறு வேலை, எதைப் பற்றிக் கேட்கிறார்களோ அது முதலில் நடக்கும்.

இதே போசீஸில்தான் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாதி நாள் போய் வெல்டிங், வண்டி மெக்கானிக், நர்சிங் உதவியாளர் பயிற்சி எல்லாம் படிக்கிறார்கள். நம் வீடுகளில் அதை மதிப்பதில்லை என்று வருத்தத்தோடு சொல்கிறேன். போர்டில் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகள்தான். பண்ணைக்காரர் வீட்டுப் பெண்ணின் வெல்டிங் வகுப்புக்காகக் கை தூக்குபவரைத்தான் கால்குலஸுக்கும் ஆதரவு கேட்டு ஊர் நம்பும். உங்கள் பிள்ளைக்கு ஒரு வாத்தியார் பிடிக்கவில்லை, அதைச் சரிசெய்ய நிற்கிறேன் என்றால் தயவுசெய்து நிற்க வேண்டாம். அவருக்கும் உபயோகமில்லை, உங்களுக்கும் இல்லை.

போர்டு உறுப்பினருக்கு என்ன அதிகாரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தனியாக ஒன்றுமே இல்லை. கூட்டம் கூடி, தேவையான எண்ணிக்கை இருந்து, ஓட்டு விழுந்தால்தான் போர்டு. வெளியே கடையில் நிற்கும்போது நானும் ஒரு பெற்றோர், அவ்வளவே. போர்டு நேரடியாகத் தேர்ந்தெடுத்து வேலைக்கு வைக்கும் முக்கியமான ஆள் சூப்பரிண்டெண்டென்ட். வாத்தியார்களை நியமிப்பதும் நிரந்தரமாக்குவதும் அவர் சிபாரிசு செய்து போர்டு ஓட்டுப் போட்டு நடப்பது. போர்டு உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. நம் ஆட்கள் சிலர் என்னை அழைத்து, "உன் ஆள் போர்டுல இருக்கான்ல, அந்த கிளாஸுக்கு மாத்தச் சொல்லு" என்று வீட்டில் சொன்னதாகச் சொல்வார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதலில் வாத்தியார், அப்புறம் பிரின்சிபல், அதற்கப்புறம் சூப்பரிண்டெண்டென்ட். இதில் எனக்கு வருத்தம் இல்லை, அப்படி இருப்பதுதான் பள்ளிக்கு நல்லது.

ஆனால் அந்தக் கூட்டு ஓட்டுக்குள் அடங்கியிருப்பது கொஞ்சம் அல்ல. பட்ஜெட், வரி, கட்டடம், பஸ், யூனியன் ஒப்பந்தம், பக்கத்து மாவட்டத்தோடு இணைவதா வேண்டாமா என்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் பள்ளி மாவட்டங்கள் இருந்தன, பெரும்பாலும் ஒரே அறை உள்ள பள்ளிகள். இன்று சுமார் 700. நம் மாவட்டங்களின் பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் கோடு போட்டுச் சேர்ந்திருப்பது அந்த இணைப்புகளால்தான். இன்னும் இணைப்புகள் வரும், ஏனென்றால் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. இணைந்தால் மாநிலம் பல வருடங்களுக்கு ஊக்கத் தொகை தருகிறது, பாடங்கள் கூடும், பஸ்ஸில் குழந்தை உட்காரும் நேரமும் கூடும், ஊரின் பெயரும் பள்ளி அணியின் பெயரும் போகும். இதில் எது சரி என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை, அது ஊருக்கு ஊர் மாறும். இரண்டு ஊர் மக்களும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவாகும். அந்த ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்கூட நாம் போகாமல், நடந்து முடிந்த பிறகு புது ஸ்கூலுக்கு எவ்வளவு தூரம் என்று கூகுளில் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

நமக்கு ஏன் இப்படி என்று யோசித்திருக்கிறேன். நாம் வளர்ந்த இடத்தில் பள்ளிக்கூடம் என்றால் ஹெட்மாஸ்டர், அதற்கு மேல் டி.இ.ஓ., அதற்கு மேல் சர்க்கார். குறை இருந்தால் மனு, இல்லையென்றால் டியூஷன், அதுவும் இல்லையென்றால் வேறு பள்ளி. 1950களின் கடைசியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தபோது கிராமத்து ஜனங்களே கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்த காலம் நம் தாத்தா பாட்டிகளோடது, நாம் பார்த்ததில்லை. இங்கே நிலைமை வேறு. மனு கொடுக்க கலெக்டர் கிடையாது. பள்ளியை நடத்துவது பக்கத்து வீட்டுப் பண்ணைக்காரர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா, கடைத்தெருவில் இன்சூரன்ஸ் விற்பவர். அவர்களில் ஒருவராக நாமும் இருக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. ஸ்கூல் டாக்ஸ் மட்டும் செப்டம்பரில் ஒழுங்காகக் கட்டிவிடுகிறோம்.

ஓட்டின் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை பட்ஜெட்டுக்கும் போர்டுக்கும் ஓட்டு. கட்சிச் சின்னம் எதுவும் கிடையாது. சின்ன மாவட்டங்களில் மொத்தமே சில நூறு ஓட்டுகள்தான் விழும். 2011இல் வந்த சட்டத்தின்படி வரி ஏற்றத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2 சதவீதம் அல்லது விலைவாசி ஏற்றம், இரண்டில் எது குறைவோ அதை வைத்து, வேறு சில கணக்குகளும் சேர்த்துப் போடுவார்கள். அதைத் தாண்ட வேண்டுமென்றால் 60 சதவீத ஆதரவு வேண்டும். பட்ஜெட் தோற்றால் ஜூனில் இன்னொரு முறை கேட்கலாம். அதிலும் தோற்றால் வரியை ஒரு டாலர்கூட ஏற்ற முடியாத அவசரகால பட்ஜெட். அதில் முதலில் அடிபடுவது எது என்று மேலேயே சொல்லிவிட்டேன். இருபது முப்பது ஓட்டில் இதெல்லாம் திரும்பும் ஊர்கள் உண்டு. மருத்துவமனையில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களையும் பஞ்சாபி, தெலுங்கு, பிலிப்பினோ குடும்பங்களையும் எண்ணிப் பாருங்கள். நாம் ஒருமித்து ஒரே பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வர வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

சிற்றூர்களின் குரல் எடுபடாது என்பவர்களுக்கு 2024 வசந்தத்தை நினைவுபடுத்துகிறேன். 2007இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் எய்ட் என்ற, பள்ளிகளுக்கான மாநில உதவியில், போன வருடத்தைவிடக் குறைத்துத் தரமாட்டோம் என்ற ஏற்பாடு இருந்தது. பிள்ளைகள் குறைந்துவரும் கிராமத்து மாவட்டங்கள் அதை நம்பித்தான் நிற்கின்றன. அந்த ஏற்பாட்டை எடுத்துவிடலாம் என்று கவர்னர் ஹோக்குலின் பட்ஜெட் சொன்னது, மாநிலத்தின் மாவட்டங்களில் கிட்டத்தட்ட பாதிக்கு உதவி குறைந்திருக்கும். போர்டு உறுப்பினர்கள், வாத்தியார்கள், பெற்றோர்கள் என்று மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குக் கடிதமும் போனும் நேரில் போவதுமாக இருந்தார்கள். கடைசியில் அது கைவிடப்பட்டு, உதவியைக் கணக்கிடும் சூத்திரத்தை ஆராயும் வேலை ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்திடம் போனது. கட்சி வித்தியாசம் இல்லாமல் கிராமத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒரே பக்கம் நின்றார்கள். அடுத்து வருவதும் அப்படிப்பட்ட விஷயங்கள்தான். 2022இல் வந்த சட்டம், 2027இலிருந்து வாங்கும் புதிய ஸ்கூல் பஸ்கள் புகை வெளியிடாதவையாக (நடைமுறையில் பெரும்பாலும் மின்சார பஸ்கள்) இருக்க வேண்டும், 2035க்குள் எல்லாமே மாற வேண்டும் என்று இலக்கு வைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் மலைச்சாலையில், ஜனவரிக் குளிரில், நீண்ட ரூட்டில் பேட்டரி எவ்வளவு தாங்கும், டீசல் பஸ்ஸைவிடப் பல மடங்கு விலைக்கு யார் பணம் தருவார்கள், சார்ஜ் போட மின்கம்பி அந்த டிப்போ வரை வருமா என்று கேட்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். நம்மில் எத்தனை எஞ்சினியர்கள் இருக்கிறார்கள்!

நம் படிப்பு எங்கே உதவும் என்பதற்கு இன்னொன்று. 2004இல் லாங் ஐலண்டின் ராஸ்லின் பள்ளி மாவட்டத்தில் 1.1 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டது வெளியே வந்தது. பணக்கார மாவட்டம், பெயர் பெற்ற பள்ளிகள், எல்லோரும் சூப்பரிண்டெண்டென்டை நம்பினார்கள். அதற்குப் பிறகுதான் போர்டு உறுப்பினர்கள் முதல் வருடத்துக்குள் 6 மணி நேரம் நிதிக் கண்காணிப்புப் பயிற்சி எடுக்க வேண்டும் என்ற விதியும் தணிக்கை விதிகளும் 2005இல் வந்தன. கணக்கு அறிக்கையை வரி வரியாகப் படித்து, "இந்தத் தொகை போன மாதத்தைவிட ஏன் கூடியிருக்கிறது?" என்று மரியாதையாகக் கேட்பதற்கு யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. கணக்கு படித்தவர், ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்த்தவர், மருந்துக்கடை நடத்துபவர் யாரும் இதைச் செய்யலாம்.

நேரமில்லை என்பீர்கள். மாதம் ஒன்றிரண்டு மாலைகள், கூட்டத்துக்கு முன்னால் படிக்க ஒரு கட்டுக் காகிதம், பட்ஜெட் காலத்தில் கூடுதலாக. ஆன்கால் டியூட்டி பார்ப்பவருக்குக் கஷ்டம்தான், அப்படியானால் வீட்டில் இன்னொருவர் நிற்கலாமே. விசாவால் வேலைக்குப் போக முடியாமல் பல வருடம் வீட்டில் இருந்து, எம்.எஸ்ஸி. எம்.ஃபில். படித்து, இப்போது குடியுரிமையும் வந்துவிட்ட அக்காக்கள் எத்தனை பேர்! இந்தக் கடிதத்தில் நான் யாரையாவது தனியாகக் கூப்பிடுகிறேன் என்றால் உங்களைத்தான் அக்கா.

உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: ஊர்க்காரர்கள் பார்ப்பது காகிதத்தைப் படித்துவிட்டு வந்தீர்களா, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவீர்களா என்பதைத்தான். சண்டை வருமா என்றால், வரும். முகக்கவசம், நூலகப் புத்தகம் என்று சில வருடங்களாகப் பல ஊர்களில் கூட்டங்கள் சூடாகியிருக்கின்றன. திட்டினவரை மறுநாள் பால் வாங்கும்போது பார்க்க வேண்டியிருக்கும், அப்போது அவர் குழந்தைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். சின்ன ஊரில் அது ஒரு பலம் என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஒரு விஷயம், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். எச்-1பியிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் ஸ்கூல் ஓட்டு போடக் கூடாது. சில சின்ன மாவட்டங்களில் முன்கூட்டியே பதிவு செய்யும் முறை கிடையாது, வந்தவர்கள் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடுவார்கள். "வரி கட்டுறீங்கல்ல, வந்து போடுங்க" என்று நல்ல மனதோடு யாராவது கூப்பிடலாம். போகாதீர்கள். உள்ளூர் ஓட்டாக இருந்தாலும் அது பின்னால் குடியுரிமையைக் கெடுக்கும், நாடு கடத்தும் அளவுக்கும் போகும். ஆனால் கூட்டத்துக்கு வர யாருக்கும் தடை இல்லை. திறந்த கூட்டங்கள் சட்டப்படி போர்டு பொதுவில்தான் கூட வேண்டும், தனி ஆளின் வேலை விஷயம், வழக்கு, யூனியன் பேச்சுவார்த்தை மாதிரி சிலவற்றுக்கு மட்டுமே கதவைச் சாத்தலாம். பெரும்பாலான போர்டுகள் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகின்றன, ஆளுக்கு மூன்று நிமிடம் என்பது பரவலான வழக்கம். அந்த மூன்று நிமிடத்துக்கு சிட்டிசன்ஷிப் கேட்பதில்லை.

நிற்க நினைப்பவர்களுக்கு நடைமுறை இதுதான். அமெரிக்கக் குடியுரிமை, 18 வயது, மாவட்டத்துக்குள் ஒரு வருடமாவது குடியிருப்பு, எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அந்த மாவட்டத்தில் ஊழியராக இருக்கக் கூடாது. மார்ச் மாதம் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்துக்குப் போய் வேட்புமனுக் காகிதத்தைக் கேளுங்கள். நம்மைப் போன்ற சென்ட்ரல் (பல சின்ன மாவட்டங்கள் இணைந்து உருவான) பள்ளி மாவட்டங்களில் 25 வாக்காளர்களின் கையெழுத்து, அல்லது போன தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களில் 2 சதவீதம், எது அதிகமோ அது வேண்டும். ஓட்டுக்கு 30 நாள் முன்னால் கொடுத்துவிட வேண்டும், அதாவது ஏப்ரலில். கையெழுத்து கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள், ஒன்றிரண்டு செல்லாமல் போகலாம். தமிழ் வீடுகளில் மட்டும் வாங்காதீர்கள். பஸ் டிரைவர், தேவாலயத்தில் சாப்பாடு போடும் பாட்டி, பண்ணைக்காரர் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டி, இந்தப் பள்ளியில் எது சரியில்லை, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பல ஊர்களில் இத்தனை இடத்துக்கு அத்தனை பேர்தான் நிற்கிறார்கள். ஒருவரும் மனு கொடுக்காமல், ஓட்டுச் சீட்டில் கையால் எழுதிய பெயர் ஜெயித்த ஊர்களும் உண்டு.

முதல் தடவை அந்த அலுவலகத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், கார் ஓட்டும் தூரத்தில் இருந்தால் நான் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு சிற்றூரில் இருந்து